ஏற்பாடு செய்கிறவருக்கு நாற்காலி கிடையாது

சங்கத்தின் ஆண்டு மலரில் ‘அரசாங்கச் சேவையில் நம்மவர்’ என்று ஒரு பகுதி போடுகிறார்கள். அதற்காகச் செயலாளர் சிவநேசன் என் வீட்டுக்காரரை மூன்று முறை வந்து கேட்டார். மூன்று முறையும் இவர் சிரித்துக்கொண்டே, “எழுதுற அளவுக்கு நான் என்ன செஞ்சேன்?” என்று சொல்லி அனுப்பிவிட்டார். நான்காவது முறை சிவநேசன் சமையலறைப் பக்கமாக வந்தார். “அக்கா, ரெண்டு பக்கம் போதும் லா. நல்லதா நாலு வார்த்தை எழுதிக் குடுங்க” என்றார். எழுதித் தருகிறேன், ஆனால் நல்லதை மட்டும் பொறுக்கி எழுத எனக்கு வராது. இவரோடு முப்பத்தெட்டு வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

பெயர் கிருபானந்தன். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பத்தெட்டில் கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் அரசாங்கக் குவாட்டர்ஸில் பிறந்தவர். யாழ்ப்பாணத்துக் குடும்பம். நான் ரமணி. அதே பிரிக்ஃபீல்ட்ஸில், தண்டவாளத்துக்கு அந்தப் பக்கம், ரயில்வே தொழிலாளர் லயத்தில் பிறந்தவள். என் தாத்தா தண்டவாளத்துக்குக் கல் கொட்டினார். இவருடைய தாத்தா அதில் ஓடிய ரயிலுக்குப் பச்சைக்கொடி காட்டினார். நடுவில் இருந்தது ஒரு தண்டவாளம்தான், ஆனால் அதைத் தாண்டி ஒரு கல்யாணம் நடப்பது அந்தக் காலத்தில் சின்ன விஷயம் இல்லை. எண்பத்தேழில் நாங்கள் தாண்டினோம். இரண்டு பக்கமும் கொதித்தார்கள். இவருடைய அம்மா இரண்டே வருஷத்தில் மனம் மாறி, என் கையால் சாப்பிட்டு, என்னை மகள் மாதிரி வைத்துக்கொண்டார். மாறாதவர் ஒருவர்தான். இவருடைய மூத்த அக்கா ஜெயமாலா, பள்ளிக்கூடத் தலைமையாசிரியை.

நாத்தனாரை நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். அண்ணி என்னைத் திட்டியதே கிடையாது. ஒவ்வொரு தீபாவளிக்கும் தவறாமல் வருவார். நான் டீ கொண்டுபோய்க் கொடுத்தால் வாங்கிக்கொள்வார். வாங்கி, பக்கத்தில் இருக்கும் குட்டி மேசையில் வைப்பார். அது அங்கேயே இருக்கும், ஆடை கட்டும், ஆறிப்போகும். முதல் வருஷங்களில் “இப்பத்தான் குடிச்சிட்டு வந்தேன்” என்பார். பிறகு “சக்கரை இருக்கு, டாக்டர் வேணாம்னுட்டாரு” என்று ஒரு புதுக் காரணம் கிடைத்தது. போகும்போது “ரமணி, வரேம்மா” என்று அன்பாகத்தான் சொல்லிவிட்டுப் போவார். நான் அந்த டீயை சிங்க்கில் கொட்டுவேன்.

அதை விட எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது எதிரில் உட்கார்ந்திருந்த இந்த மனுஷனைப் பார்த்துத்தான். அவருக்கும் தெரியும், அந்தக் கோப்பையை அவரும் பார்ப்பார். தன் டீயை மட்டும் மெதுவாகக் குடித்து முடிப்பார். அக்கா போன பிறகு நான் கேட்டால், “அக்கா பக்கமும் ஒரு நியாயம் இருக்கும், உன் பக்கமும் இருக்கு. நான் நடுநிலை, ரமணி” என்பார்.

நடுநிலை! அந்த வார்த்தையை இவர் ஆபீஸிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

வெளியுறவு அமைச்சில் இவருக்கு முப்பத்து நான்கு வருஷ வேலை. தூதர், கீதர் என்று நினைத்துவிடாதீர்கள். மாநாடு நடந்தால் நாற்காலி போடுவது, பெயர்ப்பலகை வைப்பது, மேசையில் குட்டிக் கொடி வைப்பது, இதுதான் இவர் வேலை. கேட்கச் சுலபம். ஒரு நாட்டின் கொடி பக்கத்து நாட்டின் கொடியை விட ஒரு விரல் உயரம் குறைந்தால் என்ன ஆகும் என்று அவரைக் கேட்டால், ஒரு சாயங்காலம் முழுக்கச் சொல்வார். இவர் கையில் ஒரு மரக்கோல் இருக்கும். நாற்காலிக்கும் நாற்காலிக்கும் இடையே அதை வைத்து அளப்பார். யாருக்கு எந்த இடம் என்பதை யாரும் முடிவு செய்யக் கூடாது என்பதற்காக நாடுகளை ஆங்கில எழுத்து வரிசையில் உட்கார வைப்பார்கள். எந்த எழுத்தில் ஆரம்பிப்பது என்பதற்கும் சீட்டுக் குலுக்கல். ஒருமுறை பெயர்ப்பலகையை வைத்துவிட்டால் இவரைத் தவிர வேறு யாரும் அதைத் தொடக் கூடாது. தொட்ட ஓர் இலாகாத் தலைவரையே, “துவான், மன்னிக்கணும்” என்று மலாய்க்காரர் ஐயா என்கிற மாதிரி மரியாதையாகச் சொல்லித் தடுத்திருக்கிறார். பூனை மாதிரி இருக்கிற மனுஷன்.

இந்த வேலையில் இவருக்கு ஒரு பெருமையும் உண்டு. உலகம் இரண்டு பெரிய கட்சியாகப் பிரிந்து, நீ என் பக்கமா அவன் பக்கமா என்று கேட்டுக்கொண்டிருந்த காலத்தில், புதிதாகச் சுதந்திரம் வாங்கிய நாடுகள் பல, எந்தப் பக்கமும் இல்லை என்று சொல்லிச் சேர்ந்து நின்றன. அணிசேரா நாடுகள் என்று பெயர். எழுபதில் நம் நாடும் அதில் சேர்ந்தது. அடுத்த வருஷம் நவம்பர் இருபத்தேழாம் தேதி, இந்த வட்டாரம் எந்த வல்லரசின் களமாகவும் இருக்காது என்று கோலாலம்பூரில் ஐந்து நாடுகள் கையெழுத்துப் போட்டன. எங்கள் கல்யாண நாளை இவர் இரண்டு தடவை மறந்திருக்கிறார். நவம்பர் இருபத்தேழை ஒரு தடவைகூட மறந்ததில்லை. இப்போதும் பேப்பரில் அமெரிக்காவும் சீனாவும் மல்லுக்கட்டுகிற செய்தி வந்தால், “நம்மாளுங்க என்ன சொல்லியிருக்காங்க?” என்று அந்த வரியைத்தான் முதலில் தேடுவார்.

இரண்டாயிரத்து மூன்றில் அந்த நாடுகளின் உச்சிமாநாடு இங்கேயே நடந்தது. அப்போது ஒரு வாரம் வீட்டுக்கே ஒழுங்காக வரவில்லை. முடிந்த பிறகு வந்து ஒரு கதை சொன்னார். சின்னஞ்சிறு நாடு ஒன்றின் பிரதிநிதி, சாயம் போன கோட்டுப் போட்ட ஒரு கிழவர். மதிய விருந்தில், பார்வையாளராக வந்திருந்த ஒரு பெரிய நாட்டுக்காரர் அவரைத் தன் மேசைக்குக் கூப்பிட்டாராம். கொஞ்ச நேரத்தில் அதற்கு எதிர்முகாமிலிருந்து இன்னொருவர் வந்து கூப்பிட்டாராம். கிழவர் இரண்டு பேரையும் கும்பிட்டு அனுப்பிவிட்டு, இவரிடம் வந்து, “என் நாற்காலி எது?” என்று கேட்டார். இவர் காட்டினார். மேசைக்கு வேறு யாரும் வரவில்லை, கிழவர் தனியாகவே உட்கார்ந்தார். இவருக்குப் பாவமாக இருந்ததாம். போய் உட்கார்ந்திருக்கலாமே என்று இவர் சொன்னதற்குக் கிழவர், “எங்களுக்கு இந்த நாற்காலி கிடைச்சே கொஞ்ச நாள்தான் ஆகுது. அதுக்குள்ள அதை விட்டுட்டு இன்னொருத்தர் மேசையில போய் ஒட்டிக்கவா?” என்றாராம்.

சொல்லும்போது இவருக்குக் கண் கலங்கியது. எனக்கும் பிடித்திருந்தது. “அப்புறம் அவர் என்ன செஞ்சாரு?” என்று கேட்டேன்.

“மத்தியானக் கூட்டத்துல எழுந்து பேசினாரு. நீ செஞ்சது தப்புன்னு முதல் ஆளைச் சொன்னாரு. இன்னொரு விஷயத்துல நீ செஞ்சதும் தப்புன்னு ரெண்டாவது ஆளைச் சொன்னாரு. ஹாலே அமைதியாயிடுச்சு.”

“பாத்தீங்களா? அவரு ரெண்டு பேரையும் கேட்டாரு. நீங்க ஒருத்தரையும் கேக்கறதில்ல. அதுக்குப் பேரு நடுநிலையா?” என்றேன்.

எழுந்து போய்ச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினார். எனக்கு வேண்டியிருந்தது பெரிதாக ஒன்றும் இல்லை. ஒரே ஒரு தடவை, அக்காவுக்கு முன்னால், எனக்காக வாயைத் திறக்க வேண்டும். அதற்குப் பிறகும் இருபது வருஷம் காத்திருந்தேன்.

சென்ற ஆண்டு ஆவணியில் எங்கள் ஒரே மகள் பிரேமினிக்குக் கிள்ளானில் கல்யாணம். மாப்பிள்ளை ஜீவன் கிள்ளான் பையன், தங்கமானவன். எங்கள் பக்கத்து வழக்கப்படி தாய்மாமன்தான் பெண்ணைக் கைபிடித்து மணவறைக்கு அழைத்து வருவார். தாய்மாமன் என்றால் என் அண்ணன் தம்புசாமி, துறைமுகத்தில் லோரி ஓட்டுகிறவர். நான் சுங்கை வேயில் எலெக்ட்ரானிக்ஸ் ஃபேக்டரியில் ஷிஃப்ட் வேலை பார்த்த மூன்று வருஷமும், பாலர் பள்ளியிலிருந்து பிரேமினியை லோரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். அவள் ஏபிசிடி கற்றுக்கொண்டதே லோரிகளின் நம்பர் பிளேட்டைப் பார்த்துத்தான்.

அண்ணி இவருக்குப் போன் செய்தார். தாய்மாமன் அழைத்து வருவது “நம்ம பழக்கத்துல இல்ல” என்றார். பெண்ணைத் தோழிதான் அழைத்து வர வேண்டும். ஒரு லோரிக்காரர் கையைப் பிடித்துக்கொண்டு தன் தம்பி மகள் சபைக்கு வந்தால் தான் அந்த ஹாலில் இருக்கப் போவதில்லை என்றும் சொன்னார். ஸ்பீக்கரில் இருந்தது, நானும் கேட்டேன். இவர் “ம்… பாக்கலாம்கா” என்று போனை வைத்தார்.

“என்ன பாக்கலாம்?” என்றேன்.

“ரெண்டு பக்கமும் கலந்து பேசி…”

“நீங்க யாருகூடக் கலந்து பேசப் போறீங்க? பொண்ணு உங்களுது!”

மறுநாளிலிருந்து இவர் என்ன செய்தார் தெரியுமா? கல்யாண ஹாலுக்கு இருக்கைத் திட்டம் போட ஆரம்பித்தார். முப்பது வட்ட மேசை, முந்நூறு பேர். யாழ்ப்பாணத்துக்காரர் ஒரு பக்கம், எங்கள் ஆட்கள் ஒரு பக்கம் என்று உட்காராமல் இருக்க, எல்லோருக்கும் ஆங்கில எழுத்து வரிசையில் பெயரட்டை! வீடு தீப்பிடித்து எரியும்போது வாளிகளை உயர வாரியாக அடுக்குகிற மனுஷன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மைலோ டின்னில் இருபத்தாறு எழுத்தையும் போட்டு, அண்ணியை வீடியோ காலில் சாட்சியாக வைத்துக்கொண்டு, பிரேமினியை எடுக்கச் சொன்னார். அவள் சிரிப்பை அடக்க முடியாமல் எடுத்தாள். தம்புசாமியின் முதலெழுத்து வந்தது. என் அண்ணனுக்கு முதல் மேசை. ஜெயமாலா என்கிற பெயர் சுற்றிக்கொண்டு போய்ப் பத்தொன்பதாவது மேசையில் விழுந்தது. அண்ணி உடனே போனை வைத்துவிட்டார். பெண்ணை யார் அழைத்து வருவது என்கிற கேள்வி மட்டும் அப்படியே நின்றது. கல்யாணத்துக்கு முதல் நாள்வரை இவர் ஒன்றும் சொல்லவில்லை. அண்ணன் என்னிடம், “பிரச்சன வேணாம் ரமணி. நான் பின்னால ஒக்காந்து புள்ளயப் பாத்துக்கறேன், அது போதும்” என்றார். அன்று ராத்திரி நான் அழுதேன்.

கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கே இவர் மரக்கோலோடு ஹாலுக்குப் போய்விட்டார். நான் பெண்ணை அலங்கரித்துவிட்டு எட்டரைக்கு வெளியே வந்தால், ஹால் முழுக்க ஆட்கள் தங்கள் பெயரைத் தேடி அலைந்துகொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை, பிரேமினியோடு வேலை பார்க்கும் சீனப் பெண்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்டு நன்றாகத்தான் சிரித்துக்கொண்டிருந்தார். நானும் என் அட்டையைத் தேடினேன். முதல் மேசையில் இல்லை. பெண்ணைப் பெற்றவளுக்கு முதல் மேசை இல்லையா என்று மனசுக்குள் ஒரு குத்து. சரி, எழுத்து வரிசைதானே என்று கடைசி வரைக்கும் போனேன். ரஞ்சிதம் இருந்தது, ராமலிங்கம் இருந்தது. ரமணி இல்லை.

முந்நூறு பேருக்கு இடம் இருக்கிறது, எனக்கு இல்லை. இவரைப் பிடித்து நாலு கேள்வி கேட்கலாம் என்று முன்னால் வந்தேன்.

அப்போதுதான் அண்ணி பத்தொன்பதாவது மேசையிலிருந்து தன் அட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அங்கே அவருக்குப் பக்கத்து இடம் ஜமால், அண்ணனோடு லோரி ஓட்டுகிறவர். நேராக முதல் மேசைக்கு வந்தார். தம்புசாமி என்ற அட்டையை எடுத்தார். அந்த இடத்தில் தன் அட்டையை வைத்தார். நாலடி தள்ளி நின்ற என் அண்ணன் நகர்ந்துகொண்டார்.

இவர் ஹாலின் அந்தக் கோடியில் நின்றதைப் பார்த்தேன். மாநாட்டு மண்டபத்தில் வேகமாக நடக்கவே கூடாது என்பார். அன்று கிட்டத்தட்ட ஓடி வந்தார்.

“அக்கா, அட்டையத் தொடாதீங்க.”

“என்ன கிருபா?”

“வச்ச அட்டைய யாரும் மாத்தக் கூடாது. குடுங்க.” அண்ணன் பெயரை அவர் கையிலிருந்து வாங்கி, பழைய இடத்தில் வைத்து, விரலால் நேராக்கினார்.

“லோரிக்காரர் முன்னால, நான் பின்னாலயா?”

“பெரிய நாடு, சின்ன நாடுன்னு நான் அங்கேயே பாத்ததில்லக்கா. என் வீட்டுக் கல்யாணத்துல பாப்பேனா?” கொஞ்சம் மூச்சு வாங்கினார். அவ்வளவுதான் என்று நினைத்தேன், ஆனால் நிறுத்தவில்லை. “இன்னொண்ணு. பிரேமினிய மச்சான்தான் கைபிடிச்சுக் கூட்டிட்டு வருவாரு. ரமணி கேட்டதுக்காக இல்ல, நான் சொல்றேன். மூணு வருஷம் அந்தப் புள்ளயப் பத்திரமா வீட்டுல கொண்டாந்து விட்டவரு அவரு. அப்ப நீங்க ஸ்கூல்ல இருந்தீங்க, நான் ஆபீஸ்ல இருந்தேன். நீங்க இருக்கணும்னு எனக்கு ஆசை. ஆனா அதுக்காக இத மாத்த முடியாது.”

அண்ணி அவரையே பார்த்தார். பிறகு தன் அட்டையை எடுத்துக் கைப்பையில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

சந்தோஷப்பட்டேனா என்று கேட்டால், பட்டேன். நெஞ்சு முட்டச் சந்தோஷம். அதோடு கோபமும் போகவில்லை. “அண்ணன் அட்டைக்காக நல்லாவே பேசுனீங்க. என் அட்டை எங்கங்க?” என்றேன்.

அவருக்குப் புரியவில்லை. சட்டைப் பையிலிருந்து பட்டியலை எடுத்து ‘ஆர்’ எழுத்தில் தேடினார். ‘கே’ எழுத்தில் தேடினார். “ரமணி… ஏற்பாடு செய்றவங்களுக்கு நாற்காலி கிடையாது. அங்க நாங்க நின்னுக்கிட்டேதான் இருப்போம். உன்னையும் என்னையும் நான்… எழுதவே தோணல.”

“நீங்க நின்னீங்க, அது உங்க வேல. என்னையும் சேத்து முப்பத்தேழு வருஷமா நிக்க வச்சிருக்கீங்க.”

நான் கத்தவில்லை. மெதுவாகத்தான் சொன்னேன். அவர் மிச்சமிருந்த வெள்ளை அட்டை ஒன்றை எடுத்து, ரமணி என்று அழகாக எழுதி, முதல் மேசையில் வைத்தார். எங்கிருந்தோ இரண்டு நாற்காலி தூக்கி வந்து, கோலால் அளக்காமலேயே போட்டார். எழுத்து வரிசை கெட்டது. நான் அவர் கையிலிருந்த பேனாவை வாங்கி, இன்னொரு அட்டையில் கிருபானந்தன் என்று எழுதிப் பக்கத்தில் வைத்தேன். “உட்காருங்க” என்றேன். தயங்கினார். பிறகு உட்கார்ந்தார்.

நாதஸ்வரம் கிளம்பியதும் அண்ணன் பிரேமினியின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார். கடன் வாங்கிய சட்டை, தோளில் சரியாக நிற்கவில்லை. அவர் அழுதுகொண்டே வந்தார், அவள் சிரித்துக்கொண்டே வந்தாள். தாலி கட்டும் சமயம் திரும்பிப் பார்த்தேன். பத்தொன்பதாவது மேசையில், ஜமாலுக்குப் பக்கத்தில், அண்ணி உட்கார்ந்திருந்தார். கார் வரைக்கும் போய்விட்டுத் திரும்பியிருக்கிறார். அட்டையைப் பையிலிருந்து எடுத்துப் பழைய இடத்தில் வைத்திருந்தார். சாப்பிடவும் செய்தார். அது சமையல்காரர் ஆக்கியது, என் கையால் இல்லை. ஆகையால் அதை நான் கணக்கில் சேர்த்துக்கொள்ளவில்லை.

இங்கே முடித்தால் சிவநேசனுக்குப் பிடிக்கும். ஆனால் தீபாவளிக்கு நடந்ததையும் எழுத வேண்டும், இல்லாவிட்டால் இது பாதிக்கதை.

வழக்கம்போல அண்ணி வந்தார். வழக்கம்போல டீ கொடுத்தேன். வழக்கம்போல வாங்கிக் குட்டி மேசையில் வைத்தார். இவர் தன் கோப்பையை வாய்க்குக் கொண்டுபோனவர், கீழே வைத்தார்.

“அக்கா, எத்தன வருஷமா ரமணி உங்களுக்கு டீ போட்டுக் கொண்டாந்து குடுக்கறா. நீங்க ஒரு வாய் குடிச்சதில்ல. அது தப்புக்கா. எனக்கு ஆரம்பத்துலேருந்தே தெரியும். நான் சொல்லாம இருந்தது அதவிடத் தப்பு.”

நான் இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தை. அண்ணி தலையைக் குனிந்துகொண்டார்.

இவர் அதோடு விடவில்லை. என் பக்கம் திரும்பினார்.

“ரமணி, அக்காவுக்கு நெசமாவே சக்கரை இருக்கு. பதினஞ்சு வருஷமா இருக்கு. அது உனக்குத் தெரியும். தெரிஞ்சும் ஒவ்வொரு தீபாவளிக்கும் நாலு கரண்டி போட்டுத்தான் கொண்டாந்து குடுக்கற. அதுவும் தப்பு.”

ஹாலே அமைதியாகிவிட்டது என்று அன்றைக்குச் சொன்னாரே, அந்த அமைதி எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு இப்போதுதான் தெரிந்தது.

இல்லை என்று சொல்ல முடியாது. எனக்குத் தெரியும். குடிக்கத்தானே மாட்டார், எப்படிப் போட்டால் என்ன என்று வேண்டுமென்றேதான் போட்டேன். கோப்பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். வேறு டீ போட்டேன், சக்கரை இல்லாமல். கொண்டுவந்து கையில் கொடுத்தேன். அண்ணி அதை மேசையில் வைக்கவில்லை. ஊதி ஊதிக் குடித்தார்.

“கொஞ்சம் இஞ்சி தட்டிப் போட்டிருக்கலாம், ரமணி” என்றார்.

“அடுத்த தடவ போடறேன் அண்ணி” என்றேன்.